பழைய சுவரின் படத்தை யாருக்கு விற்பது?

"பெயின்ட் உரிந்த சுவரைப் படம் பிடித்து, அதற்கு பிரேமும் போட்டு, பத்தாயிரம் ரூபா என்று எழுதி வைத்தால் யார் நானா வாங்குவான்?"

கண்டியிலிருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் இப்படிக் கேட்டார். கேட்டதில் நியாயம் இருக்கின்றது. நம்மில் பலர் கடன் வாங்கியாவது பெருநாளுக்கு முன் வீட்டுக்கு வர்ணம் பூசுகிறவர்கள். உரிந்த சுவரின் படத்தைக் காசு கொடுத்து வாங்கி, வர்ணம் பூசிய சுவரில் மாட்டுவது எமக்கு விளங்காத காரியம்தான். ஆனால் அது நடக்கின்றது. கண்ணாடியும் பீடிங்கும் விற்கும் எனது கடைக்கு இப்படியான படங்களைச் சுமந்துகொண்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஊர் சுற்றப் போன இளைஞர்கள், வெளிநாட்டில் வேலை செய்து திரும்பியவர்கள், ஹோட்டலுக்கு உள்ளலங்காரம் செய்கிறவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். இதில் சிலர் உழைக்கிறார்கள், பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். காரணம் படத்தின் அழகோ அழகின்மையோ அல்ல என்பது எனது அபிப்பிராயம். யாருக்கு விற்கப்போகிறோம் என்பதைத் தீர்மானிக்காமலேயே படத்தை அச்சிட்டு, பிரேமையும் அடித்துவிடுகிறார்கள். அளவு, கடதாசி, கண்ணாடி, விலை எல்லாம் வாங்குகிறவரைப் பொறுத்தே மாறும்.

முதலில், இது இன்று நேற்று வந்த பைத்தியம் அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஈரம் ஊறிக் கறை படிந்த சுவர்களை உற்றுப் பார்க்கும்படியும், அதில் மலைகளும் ஆறுகளும் தெரியும் என்றும் லியனார்டோ டா வின்சி ஓவியர்களுக்குச் சொல்லிவைத்தார். பிராசாய் என்பவர் பாரிஸ் நகரச் சுவர்களில் இருந்த கீறல்களை 1930களிலிருந்து படம் பிடித்தார். 1956 இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை அவற்றைக் கண்காட்சியாக வைத்தது. அமெரிக்கரான ஆரோன் சிஸ்கின்ட் 1940களில் உரிந்த பெயின்டையும் கிழிந்த சுவரொட்டிகளையும் கிட்ட நின்று எடுத்து, சுவர் என்று தெரியாதபடி ஓவியம் போல ஆக்கிக் காட்டினார். இன்று நமது பையன்கள் கைத்தொலைபேசியில் எடுப்பது அந்த வழியில் வந்ததுதான்.

நமது நாட்டில் இதற்குப் பெயர்போன இடம் காலிக் கோட்டை. 1640 இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருப்பித்த கோட்டை அது. 1988 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கின்றது. அங்குள்ள பழைய வீடுகள் முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. முருகைக்கல் கடலிலிருந்து வந்தது, அதற்குள்ளேயே உப்பு உண்டு. போதாததற்குக் கடற்காற்று. வருடா வருடம் பூசிய சுண்ணாம்பும், மஞ்சள், நீலம், பச்சை வர்ணங்களும் படை படையாக நிற்கும். உப்பு வெளியே தள்ளும்போது ஒவ்வொரு படையும் ஒவ்வொரு இடத்தில் கழன்று, அடியிலிருக்கும் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். பிற்காலத்தில் யாராவது அந்தச் சுவருக்கு சீமெந்து பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, பெயின்ட் தகடு தகடாக விழும். வெளிநாட்டவர் நின்று நின்று படம் எடுப்பது அந்த இடங்களைத்தான். வீட்டுக்காரருக்கு அது செலவு, படம் எடுப்பவருக்கு அது சரக்கு. கோட்டையில் வயதான ஒரு தாய் படம் எடுத்த பையனிடம், "பெயின்ட் அடிக்க வழியில்லாத செவரயா மகன் படம் புடிக்கிற?" என்று கேட்டாராம். அந்தப் பையன் அந்தப் படத்தில் ஒன்றை பிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான். செய்ய வேண்டிய காரியம்.

பிரயாணி வேறு, ஹோட்டல்காரர் வேறு

தோஹாவில் எட்டு வருடம் உழைத்துவிட்டு வந்த ஒரு தம்பி, தெற்கில் உல்லாசப் பிரயாணிகள் நடமாடும் ஒரு வீதியில் சிறு கடை எடுத்தார். வாடகை முற்பணத்துக்குக் கையிருப்புப் போய்விட்டது. சரக்குக்கு மனைவியின் நகையை அடகு வைத்தார். தான் எடுத்த சுவர்ப் படங்களில் அறுபதைத் தெரிந்து, எல்லாவற்றையும் 16 க்கு 20 அங்குல பிரேமில், கண்ணாடியோடு, அழகாகச் செய்து மாட்டினார். மூன்று மாதத்தில் ஏழு விற்றது. அந்த ஏழிலும் ஐந்தை வாங்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

நான் போய் அரைநாள் அந்தக் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், நல்லது என்றார்கள். ஒரு பெண் ஒரு படத்தைக் கையில் எடுத்து, கனம் பார்த்து, கணவனின் தோள்பையைப் பார்த்து, திரும்ப மாட்டிவிட்டுப் போனார். அதோடு விடயம் விளங்கிவிட்டது. இரண்டு வாரம் பஸ்ஸிலும் ரயிலிலும் நாடு சுற்றுகிறவர் கண்ணாடி போட்ட பிரேமைச் சுமக்கமாட்டார். விலையைக் குறைத்தாலும் சுமக்கமாட்டார்.

பிரயாணிக்கு விற்பதென்றால் பிரேமை மறந்துவிட வேண்டும். படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டைக்கு மவுன்ட் என்று பெயர். படம், மவுன்ட், பின்னால் ஒரு விறைப்பான அட்டை, எல்லாவற்றுக்கும் மேலே தெளிவான பொலித்தீன் உறை. அவ்வளவுதான் சரக்கு. இதில் அளவு முக்கியம். நாம் அங்குலத்தில் பழகியவர்கள், 12 க்கு 16 என்று வெட்டுவோம். அது சென்றிமீற்றரில் ஏறக்குறைய 30.5 க்கு 40.6. ஐரோப்பாவில் கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் பிரேம் 30 க்கு 40 சென்றிமீற்றர். அரைச் சென்றிமீற்றர் பெருத்தால் வாங்கியவர் வீட்டுக்குப் போய் அதைப் போட முடியாமல் தவிப்பார். ஆகவே வெளி அளவைச் சரியாக 30 க்கு 40 சென்றிமீற்றராக வெட்டுங்கள். உள்ளே 20 க்கு 30 படம் வைத்தால் நான்கு பக்கமும் ஐந்து சென்றிமீற்றர் மவுன்ட் வரும். பெரிய கெமராக்களின் படம் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருப்பதால் ஓரம் வெட்டுப்படாது. இந்தப் பொதி தோள்பையிலும் விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பெட்டியிலும் போகும். உறையின் மேல் 'உங்கள் நாட்டில் கிடைக்கும் 30 க்கு 40 பிரேமுக்குப் பொருந்தும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி ஒட்டிவிட்டால் பாதி வியாபாரம் அந்த வரி செய்யும்.

அந்தத் தம்பி இருந்த படங்களில் நாற்பதைக் கழற்றி, இந்த அளவில் மறுபடி அச்சிட்டார். கழற்றிய பிரேம்களை நான் பொறுப்பெடுத்து விற்றுக் கொடுத்தேன். வாடகையை இப்போது கடை உழைக்கின்றது. நகை இன்னும் மீளவில்லை.

பிரயாணியை மட்டும் நம்பிக் கடை போடுவதிலும் ஆபத்து உண்டு. 2018 இல் நாட்டுக்கு 23 இலட்சம் பேர் வந்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகள், அதன் பின் கொரோனா. 2021 இல் வந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. 2024 இல் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. இப்படி ஏறி இறங்கும் ஒன்றின் மேல் வருட வாடகை ஒப்பந்தம் எழுதுகிறவர் இன்னொரு காலையும் ஊன்றி வைக்க வேண்டும்.

அந்த இன்னொரு கால் ஹோட்டல்களும் விருந்தினர் விடுதிகளும்தான். இருபது அறை உள்ள விடுதிக்கு அறைக்கு இரண்டு என்றால் நாற்பது படம், ஒரே அளவு, ஒரே பீடிங். பிரேமும் கண்ணாடியும் இங்கேதான் வேண்டும். இன்னொரு கூட்டமும் உண்டு, அதை நமது ஆட்களே கவனிப்பதில்லை. உருவப் படம் மாட்ட விரும்பாத வீடுகள் நம்மிடையே எத்தனை? அந்த வீடுகளின் வரவேற்பறையில் ஓர் அரபு எழுத்தணி இருக்கும், மற்றச் சுவர் வெறுமையாக இருக்கும். மனிதரோ மிருகமோ இல்லாத, நிறமும் தரமும் உள்ள ஒரு படத்துக்கு அங்கே இடம் உண்டு. தோஹாத் தம்பியிடம் வாங்கிய அந்த ஐந்து உள்ளூர்க்காரர்களில் மூவர் இப்படியானவர்கள்தான்.

படமும் அதன் அளவும்

படம் எடுப்பதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, அது எனது தொழில் அல்ல. கடைக்கு வரும் படங்களில் கண்ட குறைகளை மட்டும் சொல்கிறேன். கெமராவைச் சுவருக்கு நேராகப் பிடிக்காததால் ஒரு பக்கம் தெளிவாகவும் மறு பக்கம் மங்கலாகவும் வருகின்றது. உச்சி வெயிலில் எடுத்தால் சுவர் தட்டையாகத் தெரிகின்றது. காலையிலோ மாலையிலோ வெயில் சுவரோடு உராய்ந்து வரும் நேரத்தில் எடுத்தால் ஒவ்வொரு பொருக்கும் நிழல் விழுத்தும்.

பெரிய பிரச்சினை இதுவல்ல. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "நானா, இதைப் பெரிசா அடிச்சுத் தாங்க" என்கிறார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். டொகியூமன்டாக அனுப்பினால்தான் மூலப்படம் வரும், இல்லாவிட்டால் பென் டிரைவில் கொண்டுவர வேண்டும். கணக்கு இலகுவானது. கிட்ட நின்று பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி நல்லது, 250 போதும். 12 மெகாபிக்சல் தொலைபேசிப் படம் 3000 க்கு 4000 புள்ளி. அதை 12 க்கு 16 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்குச் சரியாக 250 கிடைக்கும். அதற்கு மேல் போனால் தரம் குறைந்துகொண்டே போகும். 24 மெகாபிக்சல் கெமராப் படத்தை 40 க்கு 60 அங்குலத்தில் வரவேற்பு மண்டபத்துக்கு அடித்தால் அங்குலத்துக்கு 100 தான். கடற்கரைக் காட்சி என்றால் தூர நின்று பார்ப்பார்கள், சமாளிக்கலாம். சுவர்ப் படத்தை மனிதன் மூக்கு முட்டும் வரை கிட்டப் போய்த்தான் பார்க்கிறான். ஆகவே சுவருக்குப் பெரிய அளவு கேட்கும் ஹோட்டல்காரரிடம், ஒரு மூலையை மட்டும் முழு அளவில் அச்சிட்டுக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

அச்சுக்கு மினுங்காத, கனமான கடதாசி நல்லது. மையில் சாய மை, நிறமி மை என்று இரண்டு வகை உண்டு. நிறமி மை விலை கூட, ஆனால் வெளிச்சத்தில் இலகுவில் மங்காது. வாடிக்கையாளருக்கு எது என்று சொல்லி விற்க வேண்டும். சாய மையில் அடித்துவிட்டு 'நூறு வருடம் நிறம் போகாது' என்று எழுதி ஒட்டிய படங்களையும் கண்டிருக்கிறேன். மவுன்ட் அட்டையும் அப்படித்தான். மலிந்த அட்டையில் அமிலம் இருக்கும், சில வருடத்தில் வெட்டிய ஓரம் மஞ்சளாகிப் படத்தின் விளிம்பையும் கெடுக்கும். அமிலமற்ற அட்டை என்று கேட்டு வாங்குங்கள்.

நமது நாட்டில் படத்துக்கு முதல் எதிரி வெயில் அல்ல, ஈரம். படம் கண்ணாடியில் நேரே தொட்டுக்கொண்டிருந்தால் மழைக்காலத்தில் ஒட்டிவிடும். பிறகு உரித்தால் படம்தான் போகும். நடுவில் மவுன்ட் வைப்பது அழகுக்கு மட்டுமல்ல, இந்த இடைவெளிக்கும்தான். பிரேமின் பின்பக்கத்தைத் தூசி, பூச்சி போகாமல் நாடாவால் மூடி, கீழ் இரண்டு மூலையிலும் சிறு றப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று ஓடும். கடற்கரை ஹோட்டல்களில் இது இல்லாமல் மாட்டிய படங்கள் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வந்திருக்கின்றன.

பீடிங் கணக்கு

இலாபம் நிற்பதும் ஓடுவதும் இங்கேதான். பிரேமுக்கு எவ்வளவு பீடிங் வேண்டும் என்று கேட்டால் பலர் நான்கு பக்கத்தையும் கூட்டிச் சொல்வார்கள். மூலைகள் சரிவாக வெட்டப்படுவதால் பீடிங் அகலத்தின் எட்டு மடங்கையும் சேர்க்க வேண்டும். 16 க்கு 20 பிரேம் என்றால் சுற்றளவு 72 அங்குலம். ஒன்றரை அங்குலப் பீடிங்குக்கு இன்னும் 12. மொத்தம் 84 அங்குலம், அதாவது ஏழு அடி. பத்தடிக் குச்சி ஒன்றில் இதை வெட்டினால் மூன்று அடி மிஞ்சும். அதில் 4 க்கு 6 அளவில் ஒரு சிறு பிரேம் மட்டும் தேறும். அதே குச்சியில் 12 க்கு 16 ஒன்றை வெட்டினால் 68 அங்குலம் போக 52 மிஞ்சும். அதில் 8 க்கு 10 பிரேம் ஒன்றுக்கு 48 அங்குலம். வாள் வெட்டுக்கு நான்கு அங்குலம் கையில் இருக்கும், குச்சி முழுதும் காசாகிவிட்டது. ஓடர் எடுக்கும்போதே ஹோட்டல்காரரிடம் "கட்டில் தலைமாட்டுக்கு 12 க்கு 16, மேசைக்கு மேலே 8 க்கு 10" என்று ஆலோசனை சொல்கிறவர், மிச்சத் துண்டுகளை மூலையில் அடுக்கி வைக்கத் தேவையில்லை.

பீடிங், கண்ணாடி, கடதாசி, மை எல்லாம் பெரும்பாலும் இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. அந்த வருடம் மூன்று மாதத்துக்கு முந்திய விலையில் கை கொடுத்தவர்கள் பிரேமுக்குப் பிரேம் நட்டப்பட்டார்கள். விலைக்கூற்றில் 'பதினான்கு நாளுக்கு மட்டும்' என்று எழுதும் வழக்கத்தை நான் அன்று முதல் விடவில்லை.

படத்தின் உரிமையையும் கடதாசியில் வைத்துக்கொள்ள வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி புகைப்படத்துக்கும் பதிப்புரிமை உண்டு, எடுத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடமும் அது நீடிக்கும். இணையத்தில் இறக்கிய படத்தை அச்சிட்டு விற்பது அடுத்தவன் சரக்கைக் கடையில் வைப்பது போன்றது. சிநேகிதர் எடுத்த படமானாலும் எத்தனை பிரதி, எந்த அளவில், அவருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 25 பிரதிதான் என்று எண்ணிட்டு விற்றால் 26 ஆவதை அடிக்கக்கூடாது. வேறு அளவில் அடித்தால் பரவாயில்லை என்று சமாதானம் சொல்கிறவர்கள், அதை வாங்கியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யட்டும்.

சுவர் எங்கே இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள். இதை நான் வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. உள்ளலங்காரம் செய்யும் ஒருவர் ஒரு ஹோட்டலின் படுக்கையறைகளுக்காக ஒரே சுவர்ப் படத்தில் பன்னிரண்டு பிரேம் கேட்டிருந்தார். பச்சை வர்ணம் உரிந்த சுவர், ஒரு சிறு மாடம், அதன் மேல் கூரை இல்லாததால் விழுந்த வெயில். உண்மையில் நல்ல படம். முதல் பிரதி மேசையில் கிடந்தபோது புத்தளத்திலிருந்து சரக்கு விடயமாக வந்த ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர். "இது எங்கட சோனகத் தெருப் பக்கம் போல இருக்கு. இப்படி மாடத்துலதான் உம்மா குப்பி லாம்பு வைப்பா" என்றார். படம் எடுத்தவருக்குத் தொலைபேசியில் கேட்டேன். யாழ்ப்பாணம் போன இடத்தில் சோனகத் தெருவில்தான் எடுத்தேன் என்றார். யாருடைய வீடு என்பது அவருக்குத் தெரியாது. நடந்ததைச் சொன்னேன். அடுத்த நாள் அவரே அந்தப் படத்தை ஓடரிலிருந்து எடுத்துவிட்டார், பன்னிரண்டு பிரேம் குறைந்தது. அடித்து வைத்திருந்த பிரதியைப் புத்தளத்துக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பின் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஊர், தெரு, எடுத்த வருடம் மூன்றையும் பென்சிலால் எழுதித் தரும்படி கேட்கிறேன். ஷெல் பட்ட சுவர், வெள்ளம் கொண்டுபோன வீடு என்றால் அச்சிடுவதற்கு முன்பே தெரியவரும், அப்போது எடுத்தவர் தீர்மானிக்கலாம். வாங்குகிறவரும் இந்த விபரத்தைக் கேட்கிறார் என்பது நான் எதிர்பாராத இலாபம். எங்கோ ஒரு சுவர் என்று விற்கும் படத்தைவிட, காலிக் கோட்டையில் வெளிச்சவீட்டுக்குப் போகும் பாதையில் உள்ள சுவர் என்று விற்கும் படத்துக்குப் பேரம் குறைவு.

இனி ஹோட்டல் ஓடர் எடுக்கிறவர்களுக்கு ஒரு விடயம். அறைகளுக்கென்று வெட்டிய நாற்பது பிரேமை வேறெவருக்கும் விற்க முடியாது, ஆகவே பாதிப் பணம் கைக்கு வராமல் குச்சியில் வாளை வைக்காதீர்கள். மீதிக்குத் திகதியிட்ட செக் என்றால், மாட்டிக் கொடுத்த அன்றே செக்கும் கையில் இருக்க வேண்டும். ஹோட்டல்களில் கணக்குப் பிரிவு ஒரு பக்கம், ஓடர் தருகிறவர் மறு பக்கம். அறுபது நாள் என்று சொல்வது தொண்ணூறாகும். ஏற்றிப் போகும்போது பிரேம்களைப் படுக்க வைத்து அடுக்காமல், முகத்தோடு முகம் பார்க்க நிறுத்தி, நடுவில் அட்டை வையுங்கள். நாற்பது படத்துக்கு இரண்டு கண்ணாடி மேலதிகமாக வெட்டி வாகனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றாவது உடையும்.